எல்லாருக்கும் பேரு ஜார்ஜ்

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிக்கிட்டு இருந்த பதிவு இது. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

முதல்ல என் பேரு கதை. அப்பா ஆசையா வெச்ச பேரு சண்முகசுந்தரம். ஆன்சைட்னு சிகாகோ வந்த மூணாவது நாளே கிளையண்ட் ஆபீஸ்ல அது "சாம்" ஆயிடுச்சு. நானும் பல்லைக் காட்டிக்கிட்டு "நோ பிராப்ளம்"னு சொல்லிட்டேன். மெயில்ல சாம், மீட்டிங்ல சாம், பிறந்த நாள் கேக்குலயும் சாம். வீட்டுல போன்ல சொன்னா அம்மா சிரிக்கிறாங்க :-)

டீம்ல ஒரே ஒருத்தங்கதான் "உன் முழுப் பேரு என்ன?"ன்னு கேட்டாங்க. கறுப்பினப் பெண்மணி, என்னைவிட இருபது வயசு மூத்தவங்க. பிரமோஷன்லயும் சம்பளத்துலயும் நிறம் பார்க்கப்படுதான்னு கேள்வி கேட்கற ஊழியர் குழு ஒண்ணு ஆபீஸ்ல இருக்கு. அதை நடத்தறது அவங்கதான். வருஷா வருஷம் அந்தக் குழுவுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்குவாங்க. ஆட்குறைப்பு வந்தப்போ முதல்ல வெட்டினது அந்தப் பணத்தைத்தான். குழுவுல இருந்த பாதிப் பேர் சத்தமில்லாம நழுவிட்டாங்க.

ஒரு நாள் மதியம் என்கிட்ட வந்து, "நீ டேட்டால கெட்டிக்காரன். போன அஞ்சு வருஷ பிரமோஷன் விவரத்தை அலசித் தர முடியுமா?"ன்னு கேட்டாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இப்போ நேரம் சரியில்லையே." விசா, வீட்டு லோன், தங்கச்சி கல்யாணம் எல்லாம் ஒரு நொடியில கண்ணு முன்னாடி ஓடுச்சு. அவங்க கோபப்படல. "புல்மன் போயிருக்கியா? பக்கத்துலதான். ஒரு சனிக்கிழமை போயிட்டு வா" அப்படின்னாங்க.

போயிட்டு வந்தேன். அதான் இந்தப் பதிவு.

மில்லேனியம் ஸ்டேஷன்ல மெட்ரா ரயில் ஏறி தெற்கே போனா 111வது தெரு. இறங்கினா செங்கல் வீடுகள் வரிசையா ஒரு பழைய ஊர். நடுவுல மணிக்கூண்டு வெச்ச தொழிற்சாலைக் கட்டடம். ஜார்ஜ் புல்மன்ங்கற முதலாளி 1880களில் தன் தொழிலாளிகளுக்காகவே கட்டின ஊர் அது. 2015ல் ஒபாமா தேசியச் சின்னமா அறிவிச்சார். 2022ல் தேசிய வரலாற்றுப் பூங்காவா ஆச்சு. பக்கத்துலயே ராண்டால்ஃப் பேர்ல ஒரு போர்ட்டர் மியூசியமும் இருக்கு.

போர்ட்டர்னா யாரு?

நம்ம ஊர்ல போர்ட்டர்னா சிவப்புச் சட்டை போட்டு பெட்டி தூக்குறவர். இது வேற. பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏ.சி. பெட்டியில் கம்பளியும் தலையணையும் கொடுக்கிற அட்டெண்டர் இருக்காரில்ல, அவரை நினைச்சுக்குங்க. படுக்கை போடணும், பெட்டி தூக்கணும், ராத்திரி முழுக்க மணி அடிச்சா ஓடணும், எல்லாரும் தூங்கின பிறகு அவங்க ஷூவுக்குப் பாலிஷ் போடணும். அமெரிக்க ரயில்களில் படுக்கை வசதி கொண்ட சொகுசுப் பெட்டிகளை ஓட்டியது புல்மன் கம்பெனி. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த கொஞ்ச காலத்திலேயே, விடுதலையான கறுப்பின மக்களை இந்த வேலைக்கு எடுக்க ஆரம்பித்தார் புல்மன். பணிவா வேலை செய்வாங்க, கூலியும் குறைச்சல். அவ்வளவுதான் கணக்கு.

1920களில் சுமார் 12,000 போர்ட்டர்கள் இருந்தார்கள். ஒரு பக்கம் பார்த்தால் அது கௌரவமான வேலை. யூனிஃபார்ம் உண்டு, ஊர் ஊரா சுத்தலாம், பருத்திக் காட்டுல வெயில்ல சாக வேண்டாம். மறுபக்கம், மாசம் 400 மணி நேரம் அல்லது 11,000 மைல். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு நாளைக்கு 13 மணி நேரத்துக்கு மேல. ரயில் கிளம்பும் முன்னாடி பெட்டியைத் தயார் பண்ணும் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. சாப்பாடு சொந்தச் செலவு. ஷூ பாலிஷ் கூட சொந்தச் செலவு! வயித்துப்பாட்டுக்கு டிப்ஸை நம்பணும். எத்தனை வருஷம் உழைச்சாலும் கண்டக்டர் ஆக முடியாது. கண்டக்டர் வேலை வெள்ளையருக்கு மட்டும்.

இதுல ஒரு வரலாற்று நக்கல் உண்டு. 1897ல் ஜார்ஜ் புல்மன் இறந்த பிறகு 1911 வரை அந்தக் கம்பெனிக்குத் தலைமை வகித்தவர் ராபர்ட் டாட் லிங்கன். ஆமாங்க, அடிமை முறையை ஒழித்த ஆபிரகாம் லிங்கனின் மகன்தான்.

அப்புறம் பேரு. பயணிகள் எந்தப் போர்ட்டரையும் "ஜார்ஜ்"னுதான் கூப்பிடுவாங்க. முதலாளி பேரு ஜார்ஜ் புல்மன், அதனால வேலைக்காரன் எல்லாருக்கும் பேரு ஜார்ஜ். அடிமைகளை எஜமான் பேரால் கூப்பிட்ட பழக்கத்தின் மிச்சம் அது. இதை எதிர்த்து ஒரு சங்கமே இருந்தது: "போர்ட்டர்களை ஜார்ஜ் என்று அழைப்பதைத் தடுக்கும் கழகம்". ஆயிரக்கணக்கில் உறுப்பினர்கள். ஆஹான்னு படிச்சா, அதை ஆரம்பிச்சு நடத்தினது ஜார்ஜ்னு பேரு வெச்ச வெள்ளைக்காரங்க! போர்ட்டரும் ஜார்ஜ், நானும் ஜார்ஜான்னு அவங்களுக்குக் கடுப்பு.

இங்க ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். என்னோட "சாம்" வேற, அவரோட "ஜார்ஜ்" வேற. எனக்கு யாரும் திணிக்கல, நானே தலையாட்டினேன். அவர் தலையாட்டலைன்னா அன்னிக்குச் சாப்பாடு இல்லை. ரெண்டையும் ஒரே தராசுல வைக்க மாட்டேன். ஆனா அந்த மியூசியத்துல நிக்கறப்போ கழுத்துல தொங்கின என் ஆபீஸ் அடையாள அட்டை ஞாபகத்துக்கு வந்தது உண்மை.

வேலையை விட்டுத் தூக்க முடியாத ஆள்

சங்கம் வைக்க போர்ட்டர்கள் முன்னாடியும் முயன்றிருக்கிறார்கள். பேசினவனுக்கு மறுநாள் வேலை இருக்காது. பெட்டிக்குப் பெட்டி ஆள்காட்டிகள். கம்பெனியே 1920ல் ஒரு பொம்மைச் சங்கத்தை வைத்து "இதுல சேர்ந்துக்கோ"ன்னது. வெள்ளைத் தொழிலாளர் சங்கங்களையும் நம்ப முடியாது. 1894ல் புகழ்பெற்ற புல்மன் வேலைநிறுத்தம் நடத்திய அமெரிக்க ரயில்வே சங்கமே, கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்று ஓட்டெடுத்து முடிவு செய்திருந்தது.

ஆஷ்லி டாட்டன் என்ற போர்ட்டரும் அவர் நண்பர்களும் ஒரு யோசனை பண்ணினார்கள். போர்ட்டர் தலைவரானால் வேலை போகும். அப்போ போர்ட்டரே இல்லாத ஒருத்தரைத் தலைவராக்கினால்? அப்படிப் பிடித்த ஆள்தான் ஏ. பிலிப் ராண்டால்ஃப். 1889ல் ஃப்ளோரிடாவில் பிறந்தவர், நியூயார்க் ஹார்லெமில் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தவர். கம்பெனிச் சம்பளம் வாங்காத ஆளைக் கம்பெனி எப்படி டிஸ்மிஸ் பண்ணும்?

25 ஆகஸ்ட் 1925 அன்று ஹார்லெமில் சங்கம் தொடங்கியது. கூட்டத்தில் ஆள்காட்டிகள் இருப்பார்கள் என்பதால் போர்ட்டர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. பேச்சு முழுக்க ராண்டால்ஃபுதான். சிகாகோவில் மில்டன் வெப்ஸ்டர் பொறுப்பேற்றார். அவர் சங்கம் வைக்கப் பார்த்ததற்காக புல்மன் கம்பெனி முன்பே வெளியே அனுப்பிய போர்ட்டர்.

எதிரி கம்பெனி மட்டும் இல்லை. சிகாகோவின் கறுப்பினத் தேவாலயங்கள் பலவும், 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகையும் ஆரம்பத்தில் சங்கத்தை எதிர்த்தன. "நம்ம ஆளுங்களுக்கு இவ்வளவு வேலை கொடுக்கறது புல்மன்தான், அவரைப் பகைச்சுக்கலாமா? நேரம் சரியில்லை" என்பதுதான் வாதம். அந்த நேரத்திலும் சிகாகோவில் சங்கத்துக்குத் துணை நின்றவர் ஐடா பி. வெல்ஸ், படுகொலைகளை எதிர்த்து எழுதிப் புகழ்பெற்ற பத்திரிகையாளர்.

கம்பெனி இன்னொரு வேலையும் பண்ணியது. பிலிப்பைன்ஸ்காரர்களைச் சில பெட்டிகளில் வேலைக்கு எடுத்தது. அர்த்தம் புரியுதா? "நீ சத்தம் போட்டால் உன் இடத்துக்கு ஆசியாக்காரன் ரெடி." ஆன்சைட்ல வந்து உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்த வரியைப் படிக்கும்போது கொஞ்சம் நெளிய வேண்டியிருந்தது. சங்கத்துக்கும் முதலில் அவர்கள் மேல் கோபம்தான். பின்னால் அவர்களையும் உறுப்பினராக்குவதுதான் வழி என்று புரிந்துகொண்டார்கள்.

658 பேர்

1928 ஜூனில் வேலைநிறுத்தம்னு நாள் குறித்தார் ராண்டால்ஃப். கம்பெனி மாற்று ஆட்களைத் தயார் பண்ணியது. அரசின் சமரச வாரியமோ இதில் அவசரம் ஒன்றும் இல்லை என்று கைவிரித்தது. கடைசி நேரத்தில் வேலைநிறுத்தத்தை ராண்டால்ஃப் வாபஸ் வாங்கினார். போர்ட்டர்களுக்குப் பெரிய ஏமாற்றம். ஆள் கழன்றுகொள்ள ஆரம்பித்தது.

அடுத்த வருடமே பொருளாதாரப் பெருமந்தம். ரயிலில் சொகுசுப் பயணம் போக ஆளில்லை, டிப்ஸ் இல்லை, வேலை இருந்தாலே பெரிய விஷயம். ஆயிரக்கணக்கில் இருந்த சங்கம் 1933ல் 658 உறுப்பினராகச் சுருங்கியது. ஆபீஸ் வாடகை பாக்கி. போன் கட், கரண்ட் கட். ராண்டால்ஃபின் பத்திரிகையும் 1928லேயே நின்றுபோயிருந்தது. வீட்டை ஓட்டியது மனைவி லூசில் நடத்திய அழகு நிலைய வருமானம். கணவரின் அரசியலால் அவருக்கும் வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள்.

இந்த இருண்ட காலத்தில் சங்கம் உயிரோடு இருந்ததற்கு முக்கியக் காரணம் போர்ட்டர்களின் மனைவிமார்கள். வாஷிங்டனில் ரோஸினா டக்கர் என்ற அம்மையார் வீடு வீடாகப் போய் ரகசியமாகச் சந்தா வசூலித்தார், நோட்டீஸ் கொடுத்தார். புருஷன் போனால் ஆள்காட்டி பார்ப்பான், பெண்ணை யார் கவனிக்கப் போறாங்க? விஷயம் தெரிந்ததும் கம்பெனி அவர் கணவருக்கு வேலையை மறுத்தது. ரோஸினா என்ன செய்தார்? நேரா சூப்பரின்டெண்டெண்ட் ஆபீசுக்குப் போய் மேசையைத் தட்டி, "நான் செய்யற வேலைக்கும் என் புருஷன் வேலைக்கும் என்ன சம்பந்தம்?" என்கிற தொனியில் கேட்டுவிட்டு வந்தார். கணவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினப் பெண் வெள்ளை அதிகாரியின் மேசையைத் தட்டுவது என்றால் என்ன துணிச்சல்னு யோசிச்சுப் பாருங்க. அவர் 1987 வரை, நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார்.

(இதுல ஒரு குறையும் சொல்லணும். ஆரம்பத்தில் சங்கத்தின் பெயரில் ரயிலில் வேலை பார்த்த பணிப்பெண்களும் இருந்தார்கள். பின்னாளில் அந்தச் சொல் காணாமல் போனது. சந்தா வசூலிக்க வேண்டும், பெயர்ப்பலகையில் வேண்டாம். நம்ம ஊர்க் கதை மாதிரியே இருக்கில்ல?)

இப்போ திருப்பம். சங்கத்தைக் கொன்ற அதே பெருமந்தம்தான் ரூஸ்வெல்ட்டை 1933ல் ஆட்சிக்குக் கொண்டுவந்தது. 1934ல் ரயில்வே தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. புல்மன் கம்பெனியும் அதற்குள் வந்தது, பொம்மைச் சங்கங்களுக்குத் தடை விழுந்தது. 1935ல் போர்ட்டர்கள் ஓட்டுப் போட்டு ராண்டால்ஃபின் சங்கத்தைப் பெரிய வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தார்கள். 25 ஆகஸ்ட் 1937, சங்கம் பிறந்து சரியாகப் பன்னிரண்டு வருடம் முடிந்த நாளில், புல்மன் கம்பெனி கையெழுத்துப் போட்டது. மாதம் 400 மணி நேரம் 240 ஆனது. சம்பள உயர்வும் ஓவர்டைமும் கிடைத்தன. கறுப்பினத் தொழிலாளர் சங்கம் ஒன்றுடன் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம் போட்ட முதல் ஒப்பந்தம் அது.

சட்டம் வரும்னு 1933ல் அந்த 658 பேருக்கு ஜோசியமா தெரியும்? தெரியாது. ஆனா சட்டம் வந்தப்போ, அதைப் பயன்படுத்த ஒரு சங்கம் மிச்சம் இருந்தது. மொத்தமும் கலைஞ்சு போயிருந்தா அந்தச் சட்டம் காகிதம்தான்.

போர் நேரத்தில் இதெல்லாம் தேவையா?

அடுத்த காட்சி 1941. ஐரோப்பாவில் போர். அமெரிக்கத் தொழிற்சாலைகள் ராணுவ ஆர்டரில் ராப்பகலா ஓடுகின்றன. பெருமந்தத்தில் வேலை இழந்த வெள்ளையர்கள் திரும்ப உள்ளே போகிறார்கள், கறுப்பினத்தவர் வாசலிலேயே நிற்கிறார்கள். விமானம் கட்டும் கம்பெனிகளில், அவர்களுக்குத் துப்புரவு வேலை மட்டும்தான்னு வெளிப்படையாகச் சொன்ன நிர்வாகமும் உண்டு.

ராண்டால்ஃப் அறிவித்தார்: ஜூலை 1 அன்று வாஷிங்டனை நோக்கிப் பேரணி. முதலில் 10,000 பேர் என்றவர் பிறகு ஒரு லட்சம் என்றார். வெள்ளை மாளிகைக்கு வியர்த்துவிட்டது. ஹிட்லரின் இனவெறியைக் கண்டிக்கும் நாட்டின் தலைநகரில் இப்படி ஒரு ஊர்வலமா? நாடு ஆபத்தில் இருக்கும்போது இது நேரமா என்றார்கள். மறுபடியும் அதே பாட்டு.

ஜூன் 18ல் ரூஸ்வெல்ட் நேரில் அழைத்துப் பேசினார். உண்மையில் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டாராம். ஒரு லட்சம் என்றாராம் ராண்டால்ஃப். கூட இருந்த வால்டர் ஒயிட் பின்னாளில் இதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதிபர் ஒயிட் பக்கம் திரும்பிக் கேட்க, அவரும் கண் சிமிட்டாமல் அதையே சொன்னாராம். ஒரு வாரத்தில், ஜூன் 25 அன்று, நிர்வாக ஆணை 8802 வந்தது. பாதுகாப்புத் தொழிற்சாலைகளிலும் அரசு வேலையிலும் இனம், மதம், நிறம், பூர்வீக நாடு பார்த்துப் பாகுபாடு கூடாது. புகார் விசாரிக்க ஒரு குழு. பேரணி நிறுத்தப்பட்டது. ஒரு ஆள் கூட நடக்கல!

அந்தக் குழுவில் ஆர்.சி.ஏ. நிறுவனத் தலைவர் டேவிட் சர்னாஃப் உட்கார்ந்தார். அதே மேசையில் மில்டன் வெப்ஸ்டரும் உட்கார்ந்தார். ஆமா, புல்மன் வெளியே அனுப்பிய அந்தப் போர்ட்டர்தான். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

எல்லாம் சுபம்னு நினைக்காதீங்க. அந்தக் குழுவுக்குப் பல் கம்மி, பணமும் ஆளும் கம்மி. ராணுவத்தில் இனப் பிரிவினை அப்படியே தொடர்ந்தது. பேரணியை வாபஸ் வாங்கினதுக்கு பேயார்ட் ரஸ்டின் போன்ற இளைஞர்கள் ராண்டால்ஃபைத் திட்டினார்கள். 1944 ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியாவில் எட்டே எட்டு கறுப்பினத் தொழிலாளிகளை டிராம் ஓட்டப் பயிற்சிக்கு எடுத்ததற்கு, வெள்ளைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து நகரத்தையே முடக்கினார்கள். 5,000 ராணுவ வீரர்கள் இறங்கி சில நாட்களில் முடிவுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு கறுப்பினத் தொழிலாளிகள் டிராம் ஓட்டினார்கள். 1946ல் குழுவே மூடப்பட்டது.

ஆனாலும் கணக்கு இருக்கிறது. 1942ல் பாதுகாப்புத் தொழில்களில் சுமார் 3 சதவீதமாக இருந்த கறுப்பினத் தொழிலாளர்கள் 1944ல் 8 சதவீதம் ஆனார்கள். போரின் ஆள் பற்றாக்குறையும் அதற்குக் காரணம். ஆணை மட்டும்தான் செய்தது என்று சொன்னால் பொய். ஆனால் மூடியிருந்த கதவில் அந்தக் காகிதம் ஒரு ஆப்பு.

விதைத்தது பிறகும் முளைத்தது. 1955ல் பேருந்தில் எழ மறுத்த ரோஸா பார்க்ஸை ஜாமீனில் எடுக்க ஓடிய இ.டி. நிக்சன் ஒரு புல்மன் போர்ட்டர், இதே சங்கத்துக்காரர். 1941ல் நடக்காமல் போன பேரணி 28 ஆகஸ்ட் 1963ல் நடந்தது. மார்ட்டின் லூதர் கிங் பேசினாரே, அதே பேரணிதான். அதன் தலைவர் 74 வயது ராண்டால்ஃப். ஏற்பாடு செய்தவர், முன்பு அவரைத் திட்டிய அதே ரஸ்டின்.

திரும்பி வந்த ரயிலில்

சாயங்காலம் ரயிலில் திரும்பும்போது ஒண்ணே ஒண்ணுதான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்தது. 1925ல் நேரம் சரியில்லை, ஏன்னா புல்மன் சோறு போடறார். 1933ல் சரியில்லை, ஏன்னா பெருமந்தம். 1941ல் சரியில்லை, ஏன்னா போர். அப்போ எப்போதான் சரியான நேரம்? நல்ல காலத்தில் கேட்டால், "எல்லாம் நல்லாத்தானே போகுது, இப்போ எதுக்கு?"ன்னு சொல்லுவாங்க. கெட்ட காலத்தில்தான் அரசுக்கும் முதலாளிக்கும் நம்ம தயவு கொஞ்சம் தேவைப்படுது. ராண்டால்ஃப் கண்டுபிடிச்ச சூட்சுமம் அதுதான்னு எனக்குத் தோணுது.

திங்கக்கிழமை அந்த அம்மா கிட்டப் போனேன். "டேட்டா அனுப்புங்க, நான் பார்க்கறேன்"னேன். குழுவுல மிச்சம் இருக்கறது எத்தனை பேருன்னு கேட்டேன். "உன்னோட சேர்த்து ஏழு"ன்னு சிரிச்சாங்க. பயம் போயிடுச்சான்னா இல்லை, விசா அதே விசாதான், லோன் அதே லோன்தான். ராத்திரி உட்கார்ந்து எக்செல்ல வரிசை வரிசையா பார்க்கறப்போ வயித்தைக் கலக்கத்தான் செய்யுது. ஆனா 658 பேரை நினைச்சா ஏழு அவ்வளவு மோசமான எண்ணிக்கையா தெரியல.

இன்னொரு சின்ன விஷயமும் பண்ணினேன். ஆபீஸ் மெயில்ல பேரை மாத்திட்டேன். முழுசா, சண்முகசுந்தரம். மேனேஜர் மூணு தடவை தடுக்கி நாலாவது தடவை சரியா சொல்லிட்டார் :-)

ஆபீஸ்ல உங்க பேரு என்ன ஆச்சு? "நேரம் சரியில்லை"ன்னு நீங்க எதையாவது தள்ளிப் போட்டிருக்கீங்களா? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.